வெற்றிலை காத்திருந்த வாக்குநாள்

வேலாக்கு மலையூரில் யார் யாரோடு சண்டை, யார் யாரோடு சமாதானம் என்பதை முதலில் அறிபவள் ஜுவிதா. சமாதானம் பேசப் போகிறவன் அவள் கடையில் நின்று, இருவர்க்கு வேண்டிய வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டுதான் போவான். திரும்பி வரும்போது வாய் சிவந்திருந்தால் காரியம் பழம். வெளுத்த வாயும் நிறைந்த பையுமாக வந்தால், அவள் ஒன்றும் கேளாமல் வெற்றிலையைத் திரும்ப வாங்கித் தண்ணீர் தெளித்து அடுக்கி வைப்பாள். பெண் கேட்கவும், பிள்ளைக்குப் பெயரிடவும், இறந்தவரை வழியனுப்பவும், மேய்ந்துவிட்ட எருமைக்காக மன்னிப்புக் கேட்கவும் அந்த மலையில் வெற்றிலைதான் முதல் வார்த்தை. கிழக்குத் திமோரில் வேறெங்கு மாறினாலும் வேலாக்கில் அது மாறாது.

கடை என்றதும் பெரிதாக எண்ண வேண்டா. நான்கு மூங்கில் கால்கள், மேலே ஒரு தகரம். பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. கடலோர ஊரிலிருந்து மருமகளாக வந்தவள் அவள். வந்த புதிதில் அவளுடைய கடற்கரைப் பேச்சைக் கேட்டு ஊரே சிரித்தது. பிறகு அவள் திருப்பிப் பேசத் தொடங்கினாள். ஊர் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

கணவன் அகாபித்தோ பாக்குமரம் ஏறுபவன். ஒரு மழைக்காலத்தில் மரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. ஊன்றுகோலோடு வீட்டிலிருந்து கடைவரை வருவான், அவ்வளவே. அதன்பின் கணவன் கடையில் அமர்ந்து பாக்கு வெட்ட, மனைவி பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு மரமேறினாள்.

“என்ன ஜுவிதாக்கா, மரத்துல பொம்பள ஏறினா காய் புளிக்குமாமே?” என்று கீழே நின்று ஒருவன் கேட்டான்.

“புளிச்சா உன் பொண்டாட்டி குழம்பு வைப்பா. கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, குலை விழுந்தா உன் தலை தாங்காது” என்றாள் மேலிருந்து.

இந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. ஒரே ஒரு குறைதான் அகாபித்தோவை அரித்தது. நாட்டுக்கு விடுதலை வேண்டுமா என்று மக்களைக் கேட்ட அந்த முதல் வாக்கெடுப்பின்போது, துப்பாக்கிக்காரர்கள் சாலையோரம் நின்றிருக்க, அவன் இருப்பதிலேயே நல்ல சட்டையை உடுத்திக்கொண்டு, இரண்டு ஆறுகளைக் கடந்து கீழ்ச்சந்தைக்கு நடந்துபோய் வாக்களித்தவன். இடுப்பு ஒடிந்தபின் வந்த தேர்தல்களிலெல்லாம் வாக்குச்சாவடி அங்கேயே இருந்தது. அவன் இங்கேயே இருந்தான். ஒருமுறை ஜுவிதா அவனைக் குதிரைமேல் ஏற்றிப் பார்த்தாள். இரண்டாம் ஆற்றில் குதிரை அவனை இறக்கிவிட்டுத் தான்மட்டும் வீடு திரும்பியது. இடுப்பளவு நீரில் அமர்ந்தபடி அவன், “போய்ச் சொல்லு, என் ஓட்டு ஆத்துல வந்துட்டே இருக்குன்னு” என்றான். சொல்லிவிட்டு முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தை அவள் மறக்கவில்லை.

ஆகவே, இவ்வாண்டு குடியரசுத்தலைவர் தேர்தலுக்கு வேலாக்குப் பள்ளிக்கூடத்திலேயே சாவடி அமையும் என்று செய்தி வந்தபோது, ஊரிலேயே மிகுதியாக மகிழ்ந்தவள் அவள்தான். மகிழ்ச்சி தாங்காமல் அவள் செய்த காரியம்தான் பிழையாயிற்று.

வாக்குநாளன்று விடியற்காலையிலேயே பெரிய கூடை நிறைய வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கொண்டுவந்து பள்ளிவாசலில் வைத்தாள். “இன்னைக்குக் காசு வேணாம். எடுத்துக்குங்க, மென்னுக்குங்க, ஓட்டுப் போடுங்க!” என்று கூவினாள். ஊர் மென்றது. மென்ற வாயை விரலால் துடைத்தது. துடைத்த விரலால் வாக்குச்சீட்டைப் பிரித்தது. தனக்குப் பிடித்த வேட்பாளரின் படத்தில் ஆணியால் குத்தியது. மறுபடி மடித்துப் பெட்டியில் போட்டது. அகாபித்தோவும் அவ்வாறே செய்தான். மையிட்ட விரலைப் பகல் முழுவதும் கழுவாமல் வைத்திருந்தான்.

மாலையில் பள்ளிக்கூடத்திலேயே ஊர் முன்னிலையில் சீட்டுகள் எண்ணப்பட்டன. சாவடித் தலைவி ஒலாந்தினா, மாவட்டத் தலைநகரில் ஆசிரியை. நல்லவள், ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டவள். ஆணித்துளையைத் தவிரச் சீட்டில் வேறு எந்த அடையாளமும் இருத்தல் கூடாது, இருந்தால் அது யாருடைய வாக்கு என்பது தெரிந்துவிடும், ஆகையால் செல்லாது. அதுவே விதி. அவள் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டினாள். சிவப்புக் கட்டைவிரல். சிவப்புச் சுட்டுவிரல். ஒன்றில் நான்கு விரலும் பூப்போலப் பதிந்திருந்தன.

“செல்லாது… இதுவும் செல்லாது… மன்னிக்கணும், இதுவும்.”

ஊரின் பாதி வாக்குகள் அப்படியே போயின. தன் சீட்டு எது என்று அகாபித்தோவுக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் அவன் நகத்தின் பிறைகூட அச்சாகியிருந்தது. அவன் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தை ஜுவிதா ஆற்றுக்குப் பிறகு அன்றுதான் மறுபடி கண்டாள்.

அந்தச் சுற்றில் யாருக்கும் பாதிக்குமேல் வாக்குக் கிடைக்கவில்லை. முதலிடம் பெற்றவர்க்கும் அடுத்து வந்தவர்க்கும், அதாவது சீட்டுப் படத்தைப் பார்த்து ஊர் பெயர் வைத்த தொப்பிக்காரர்க்கும் மீசைக்காரர்க்கும் இடையே இன்னொரு சுற்று என்று வானொலி அறிவித்தது. அதே வாரத்தில் ஊர்த்தலைவர் சத்தூர்னினோ மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டு, புளியைக் கடித்த முகத்தோடு திரும்பி வந்தார். நேரே ஜுவிதாவின் கடைக்கு வந்து நின்றார்.

“இந்தத் தடவையும் இப்படியே ஆச்சுன்னா சாவடியக் கீழ்ச்சந்தைக்கே மாத்திடுவாங்களாம். செல்லாத ஓட்டுக்கு மலைமேல பெட்டி எதுக்குன்னு கேக்குறாங்க. சந்தோஷமா உனக்கு?”

ஜுவிதா பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். பின்னால் இருந்த கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

“மாத்த விடமாட்டேன் தலைவரே” என்றாள்.

“நீ என்ன மாவட்டமா?”

“நான் வெத்தலக்காரி. கெடுத்தது என் வெத்தல. சரிபண்றதும் அதுதான்.”

சத்தூர்னினோவின் யோசனை எளிது. தேர்தலுக்கு முந்தைய நாளிலிருந்து ஊருக்குள் வெற்றிலையே இருத்தல் கூடாது; கடை மூடப்பட வேண்டும். ஊர்க்கூட்டத்தில் அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே, சடங்குகளில் முன்னோர் சார்பாகப் பேசும் கிழவர் மாவ்-காலி எழுந்தார்.

“கல்யாணத்துக்கு வெத்தல வேணும். கருமாதிக்கு வேணும். நாட்டுக்கே தலைவனத் தேர்ந்தெடுக்கிற காரியத்துக்கு வேணாமா? வெறுங்கையோட போனா முன்னோருங்க என்ன நினைப்பாங்க? ‘நம்ம பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதில்ல போல’ன்னு நினைப்பாங்க. வெத்தல இல்லன்னா நான் வரல. நான் வரலன்னா என் வீட்டுல யாரும் வரமாட்டாங்க.”

“மாமா, மென்னா கை சிவக்குது, சீட்டுக் கெடுது. அவ்வளவுதான் பிரச்சினை” என்றார் தலைவர்.

“அப்ப சீட்டச் சிவப்புத் தாள்ல அடிக்கச் சொல்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அப்போது ஜுவிதா எழுந்தாள். ஊர்க்கூட்டத்தில் கடற்கரை மருமகள் எழுந்து பேசுவது அதுவே முதல்முறை.

“மாமா, விருந்துக்குப் போனா உள்ள நுழையும்போதே மெல்றோமா, பேச்சு முடிஞ்சப்புறம் மெல்றோமா?”

“ரெண்டும் உண்டு.”

“முதல் வெத்தல யாருக்கு?”

“முன்னோருக்கு. கல்லுமேல வைப்போம்.”

“அப்ப அன்னைக்கும் அப்படியே செய்வோம். விடிஞ்சதும் முதல் பங்கக் கல்லுமேல நீங்களே வைங்க. அவங்க மெல்லட்டும், அவங்களுக்கு ஓட்டு இல்ல, விரலும் சிவக்காது. நம்ம பங்கு பையோட வாசல்ல தொங்கட்டும். ஓட்டுப் போட்டுட்டு வந்து, மை வச்ச விரலக் காட்டி, அவங்கவங்க பைய வாங்கிக்கட்டும். காரியம் முடிஞ்சு மெல்ற வெத்தலதான் உறுதி வெத்தலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க, என் கல்யாணத்துல.”

மாவ்-காலி தாடையைத் தடவினார். “சொல்லியிருக்கேன்” என்று ஒப்புக்கொண்டார். “ஆனா காலையில இருந்து வெறும் வாயோட நிக்கணுமே. அதுக்கு என்ன பதில்?”

“அதுக்குப் பதில் இல்ல மாமா. வரிசையில முன்னாடி நிக்கணும், அவ்வளவுதான்.”

இரண்டாம் சுற்றன்று, மூடுபனி கலையும் முன்னரே வேலாக்கு முழுவதும் பள்ளிவாசலில் இருந்தது. வரிசையில் முன்னால் நிற்க வேண்டும் என்ற சொல்லை எல்லாரும் நெஞ்சில் வைத்திருந்தார்கள். நெய்த கரைத்துணிகளும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளும் பனியில் நனைந்து மணத்தன. மாவ்-காலி புனிதக்கல்லின் மேல் வெற்றிலை வைத்து முன்னோர்க்குத் தொப்பிக்காரரையும் மீசைக்காரரையும் முறையாக அறிமுகம் செய்துவைத்தார். ஜுவிதா தன் கடையின் காலிலிருந்து பள்ளிக்கூடக் கொடிக்கம்பம்வரை கயிறு கட்டியிருந்தாள். அதில் ஊரின் வெற்றிலைப்பைகள் எல்லாம் வரிசையாகத் தொங்கின. ஓலைப்பை, துணிப்பை, பின்னிய சிறு கூடை, ஒருவனுடைய பழைய காலுறை. கயிற்றின் அடியில் சாம்பலும் பிளந்த எலுமிச்சையும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தன. பழைய சிவப்பு எதுவும் விரலிடுக்கில் ஒட்டியிருத்தல் ஆகாது என்று அவள் ஒவ்வொருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னக்கா, கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கை கழுவினதில்ல” என்றான் ஒருவன்.

“தெரியும். அதனாலதான் உன் மாமியாரு இன்னும் உன்கூடப் பேசுறதில்ல.”

வெற்றிலை இல்லாத ஊர் ஒரு மணிப்பொழுதில் குணம் மாறியது. பத்தாண்டுகளுக்கு முன் சமாதானமான வேலித் தகராற்றை இருவர் மீண்டும் எடுத்தனர். தலைவர் சத்தூர்னினோ காரணமின்றி நாயைத் திட்டினார். நாலாவது முறையாகக் கயிற்றருகே வந்து தன் பையை வெறுமனே முகர்ந்துவிட்டுப் போன ஒருவரை ஜுவிதா கண்டும் காணாதவள்போல் இருந்தாள்.

அப்போதுதான் அகாபித்தோவின் அத்தை புய்-லேக்கி வந்தாள். வேலாக்கிலேயே வாய் ஓயாதவள். உறக்கத்திலும் பேசுபவள் என்று பெயர். இன்று அவள் எல்லார்க்கும் தலையை மட்டும் அசைத்தாள்.

“வாங்க அத்தை. உடம்பு எப்படி இருக்கு?”

தலையசைப்பு.

“பேரன் வந்தானா டிலிப் பட்டணத்துல இருந்து?”

தலையசைப்பு. ஜுவிதாவுக்கு ஐயம் எழுந்தது. அத்தையின் இடக் கன்னம் வலக் கன்னத்தைவிடச் சற்றே உப்பியிருந்தது.

“அத்தை, வாயைத் திறங்க.”

அத்தை வானத்தைப் பார்த்தாள்.

“சரி. திறக்க வேணாம். உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நேத்து ராத்திரி தலைவரு வீட்டுச் சேவல், அவரு வேட்டியில முட்டை போட்டுடுச்சாம்.”

“சேவல் எப்படிடீ முட்டை…” என்று தொடங்கிய அத்தை அப்படியே சிரித்துவிட்டாள். முகவாயில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. கூடியிருந்தவர்கள் கைகொட்டினார்கள்.

“பொய்க்காரி! கடற்கரைக் களவாணி!” என்றாள் அத்தை, மென்றதைத் துப்பியபடி. “ஒரு கிழவி வாயில கைவிட்டுப் பாக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“உங்க ஓட்டு வேணும் அத்தை. வெக்கத்த நாளைக்குப் பட்டுக்குறேன். எலுமிச்சை அங்க இருக்கு. வரிசையில கடைசியில போய் நில்லுங்க.”

“கடைசியிலயா?”

“கடைசியிலதான்.”

அத்தை போனாள். போகும்போது ஒரு முழு எலுமிச்சையையும் எடுத்துக்கொண்டு, தன் விரல்களை ஊர் பார்க்கத் தேய்த்துக்கொண்டே போனாள்.

அகாபித்தோவின் முறை வந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஒலாந்தினாவிடம் காட்டினான். அவள் காட்டச் சொல்லவே இல்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு அட்டை மறைப்புக்குள் போனவன் வெளியே வரவில்லை. வரிசை முணுமுணுத்தது.

“என்ன மாமா, உள்ள தூங்கிட்டீங்களா?”

“ஆணிய மெதுவா இறக்குறேன்டா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “கிழிஞ்சிடக் கூடாது பாரு.”

வெளியே வந்தபோது, மடித்த சீட்டை இரு விரல்களின் நுனியால் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தான். கோவிலில் பாதிரியார் அப்பத்தை உயர்த்துவதுபோல. பெட்டியில் போட்டபின்தான் மூச்சு விட்டான். மையிட்ட விரலோடு வாசலுக்கு வந்தவனுக்கு ஜுவிதா பையை எடுத்து நீட்டினாள்.

“வேணாம். எண்ணி முடிக்கட்டும். அப்புறம் மெல்றேன்” என்றான் அவன்.

அவளும் தன் பையைக் கயிற்றிலேயே விட்டுவிட்டாள். அதைக் கண்ட ஊரும் ஒவ்வொருவராகப் பையைக் கொண்டுவந்து கயிற்றிலேயே மறுபடி மாட்டியது.

எண்ணிக்கை தொடங்கியபோது வெயில் சன்னல்வழியே சாய்ந்து வந்தது. ஊர் முழுவதும் வகுப்பறை மேசைக்கு எதிரே நெருக்கியடித்து நின்றது. ஒலாந்தினா ஒவ்வொரு சீட்டையும் விரித்து வெயிலுக்கு எதிரே உயர்த்தினாள். தொப்பிக்காரரின் படத்திலோ மீசைக்காரரின் படத்திலோ ஒரு சிறு துளை. அந்தத் துளைவழியே ஒரு துளி வெளிச்சம். சிவப்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கரும்பலகையில் கோடுகள் ஏற ஏற, யாருக்கு எத்தனை என்று பார்ப்பதை விட்டுவிட்டு ஊரே சீட்டின் ஓரங்களைத்தான் பார்த்தது. வெள்ளையான ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ‘ஓ!’ எழுந்தது. தொப்பிக்கும் அதே ‘ஓ’. மீசைக்கும் அதே ‘ஓ’.

பெட்டி ஏறக்குறையக் காலியானபோது ஒலாந்தினாவின் கை நின்றது. சீட்டை ஒருமுறை பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

“இது… செல்லாது.”

‘ஓ’ பாதியிலேயே நின்றுவிட்டது. சத்தூர்னினோ மெல்லத் திரும்பி ஜுவிதாவைப் பார்த்தார். பக்கத்தில் அகாபித்தோவின் கை ஊன்றுகோலை இறுக்கியது.

“சிவப்பா டீச்சர்?” என்று அவள் குரல் கேட்டது, அவளுக்கே அடையாளம் தெரியாத குரலாக.

“சிவப்பு இல்ல” என்றாள் ஒலாந்தினா. சீட்டை வெயிலுக்கு உயர்த்தினாள். இரண்டு துளிகள் வெளிச்சம். தொப்பியில் ஒன்று, மீசையில் ஒன்று. “ரெண்டு பேரையும் குத்தியிருக்காங்க.”

கூட்டத்தின் பின்னால் யாரோ பெருமிதமாகக் கனைத்தார்கள். மாவ்-காலி.

“அது என்னோடது” என்றார்.

ஒலாந்தினா பதறிப்போய் இரு கைகளாலும் காதைப் பொத்தினாள். “ஐயா, சொல்லாதீங்க! அது ரகசியம்! எனக்குத் தெரியவே கூடாது!”

“ரகசியமா வச்சா ரெண்டு வீட்டுக்கும் எப்படித் தெரியும்? எனக்குப் பொண்ணு குடுத்த வீட்டுல எல்லாரும் தொப்பி. என் பொண்ணக் கட்டின வீட்டுல எல்லாரும் மீசை. ஒண்ணுல குத்திட்டு இன்னொரு வீட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சியோட வெத்தல நீட்டுவேன்? யோசிச்சேதான் குத்தினேன். ரெண்டு ஓட்டையும் ஒரே அளவு. வேணும்னா அளந்து பாரு.”

“மாமா, அதுக்கு நீங்க ஓட்டே போடாம இருந்திருக்கலாமே!” என்றார் தலைவர்.

“போடாம இருந்தா ரெண்டு வீட்டுக்கும் மரியாதைக் குறைவு இல்லையா? என்னப்பா தலைவர் நீ?”

முதலில் சிரித்தவள் ஒலாந்தினாதான். விதிக்குக் கட்டுப்பட்ட அந்த ஆசிரியை காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, மேசைமேல் தலை கவிழ்ந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு பள்ளிக்கூடமே சிரித்தது. வேலித் தகராற்றுக்காரர் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தனர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலாந்தினா எஞ்சிய சீட்டுகளை எண்ணினாள். எல்லாம் வெள்ளை. பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்தபின் சத்தூர்னினோவைப் பார்த்துச் சொன்னாள்:

“நான் பாத்ததுல இவ்வளவு சுத்தமான எண்ணிக்கை கீழ ஊருங்கள்லகூட இல்ல தலைவரே. மேலிடத்துல இதச் சொல்லுவேன். அடுத்த தடவையும் இங்கதான் வருவோம். பாதையில இருக்கிற அந்தப் பெரிய பள்ளத்த மட்டும் மூடி வைங்க.”

தலைவர் ஜுவிதாவை அழைத்துக்கொண்டு வாசல் கயிற்றுக்குப் போனார். தம் பையைத் தாமே அவிழ்த்து, ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து, இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார். வேலாக்கில் அதற்குமேல் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. அவள் வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு?” என்றாள் பின்னாலிருந்து ஒலாந்தினா. “எங்க அம்மாவும் மலைக்காரிதான். காலையில இருந்து அந்தக் கயித்தையே பாத்துப் பாத்து எனக்கு நாக்கு வறண்டுபோச்சு.”

அரைநாழிகையில் கயிறு வெறுமையாயிற்று, ஊர் சிவந்தது. மத்தளம் வந்தது. பள்ளிமுற்றத்தில் கைகோத்து வட்டமாக ஆடத் தொடங்கினார்கள். தொப்பிக்காரர் வென்றாரா மீசைக்காரர் வென்றாரா என்று நாடு முழுவதும் எண்ணி முடிக்க இன்னும் நேரமாகும். யாரும் வானொலிப் பக்கம் போகவில்லை. புய்-லேக்கி அத்தை வட்டத்தின் நடுவில் நின்று, சேவல் முட்டையிட்ட கதையைத் தலைவரிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜுவிதா ஆட்டத்திலிருந்து விலகி மூச்சு வாங்கக் கணவனருகே வந்து அமர்ந்தாள். அவன் நிதானமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

“நான் பாத்துட்டேன்” என்றான்.

“என்னத்த?”

“என் சீட்ட. வெயில்ல தூக்கினப்பத் தெரிஞ்சுது.”

“எப்படித் தெரியும்? எல்லாச் சீட்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு.”

“இல்ல.” அவன் வெற்றிலையை மடித்து அவள் வாயருகே நீட்டினான். “என்னோடதுல வெளிச்சம் கொஞ்சம் அதிகமா வந்துச்சு.”